ஒரே வானம், இரண்டு ஊர்கள்
விண்ணையும் மண்ணையும் எமது பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கற்பிப்போம்

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் பயிலும் எமது பிள்ளைகள், ஒன்பது பத்து வயதை அடையும்போது ‘பூமியும் விண்வெளியும்’ என்ற பாடத்தைச் சந்திக்கின்றனர். 2014 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த தேசிய பாடத்திட்டம் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு இப்பாடத்தை விதித்தது. இரவும் பகலும் ஏன் வருகின்றன, சந்திரன் எவ்வாறு பூமியைச் சுற்றுகின்றது, கோள்கள் எவ்வாறு சூரியனைச் சுற்றுகின்றன என்பவை அதன் உள்ளடக்கம். அதற்கு முன்னரே, முதலாம் ஆண்டில் பருவ மாற்றங்களும், மூன்றாம் ஆண்டில் பாறைகளும், நான்காம் ஆண்டில் நீர் ஆவியாகி மீண்டும் நீராகும் வட்டமும் கற்பிக்கப்படுகின்றன.

பிள்ளை இப்பாடங்களோடு வீடு வரும்போது எம்மவரிற் பலர் ஒதுங்கிக் கொள்கின்றனர். “இது விஞ்ஞானம், அதுவும் ஆங்கிலத்தில், எமக்கு என்ன தெரியும்?” என்பதே அவர்களது எண்ணம். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் தனிப்பட்ட வகுப்பு தேடி சவுத்தால் வீதிகளில் அலையும் பெற்றோர்கூட இப்பாடத்தைப் பாடசாலையிடமே விட்டுவிடுகின்றனர். உண்மையில் வேறெந்தப் பாடத்தையும்விட இதிலேதான் அகதிக் குடும்பமொன்று தன் பிள்ளைக்கு அதிகம் கொடுக்க முடியும். ஒரே வானத்தை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தவர்கள் நாம். விண்ணியலின் அடிப்படையே அத்தகைய ஒப்பீடுதான். கலைப் பட்டதாரியான எனக்கே கைக்கெட்டும் இவ்விடயங்கள், எந்தப் பெற்றோருக்கும் எட்டாதவை அல்ல.

சூரியனும் நிழலும்

மார்கழி மாதத்தில் சவுத்தாலில் பிள்ளைகள் பாடசாலை விட்டு வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிடுகின்றது. டிசெம்பர் 21 அளவில் லண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. யூன் 21 அளவில் பதினாறரை மணி நேரத்துக்கும் அதிகம். யாழ்ப்பாணத்திலோ ஆண்டு முழுவதும் பகற்பொழுது பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரமே கூடிக் குறைகின்றது. “ஊரில் ஏன் இப்படி இருட்டுவதில்லை?” என்று அப்பப்பாவிடம் கேட்கும் பிள்ளை மிக ஆழமான விஞ்ஞானக் கேள்வியொன்றையே கேட்கின்றது.

கோடையில் பூமி சூரியனுக்கு அருகிலும் குளிர்காலத்தில் தொலைவிலும் இருப்பதாகப் பெரியவர்கள் பலரும் எண்ணுகின்றனர். இது தவறு. பூமி சூரியனுக்கு மிக அண்மையில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது இங்கே குளிர் உறைய வைக்கும் காலத்தில். அப்போது இடைவெளி ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றர். யூலையில் 15 கோடியே 20 இலட்சம். பருவங்களுக்குக் காரணம் தூரமன்று. பூமியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதே காரணம்.

இதனைக் காட்ட ஒரு தோடம்பழமும், ஒரு நீண்ட ஊசியும், ஒரு ரோச் லைற்றும் போதும். ஊசியைப் பழத்தின் நடுவே குத்திச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். அறையை இருட்டாக்கி ரோச்சை அடியுங்கள். சாய்வின் திசையை மாற்றாமல் பழத்தை ரோச்சைச் சுற்றிக் கொண்டு செல்லுங்கள். ரோச்சைப் பிடிப்பவர் நின்ற இடத்திலேயே பழத்தை நோக்கித் திரும்பிக் கொள்ளட்டும். ஒரு பக்கத்தில் வட பாகம் ஒளியை நோக்கிச் சாயும்; மறுபக்கத்தில் விலகிச் சாயும். மேற்பகுதியில் ஒரு புள்ளியை லண்டனுக்கும், நடுவரைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியை யாழ்ப்பாணத்துக்கும் இட்டுப் பழத்தைச் சுழற்றினால், எந்தப் புள்ளி அதிக நேரம் இருளில் நிற்கின்றதென்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.

அடுத்து, ஒரு மீற்றர் உயரமான தடியை சவுத்தால் பூங்காவில் நிறுத்தி, நண்பகலில் அதன் நிழலை அளக்கச் செய்யுங்கள். யூன் மாதக் கடைசியில் நிழல் அரை மீற்றரைச் சற்றே தாண்டும். மார்ச், செப்ரெம்பர் மாதங்களில் ஒன்றேகால் மீற்றரளவில் இருக்கும். டிசெம்பர்க் கடைசியிலோ மூன்றரை மீற்றருக்கும் மேல் நீளும். அப்போது சூரியன் நண்பகலிலேயே அடிவானிலிருந்து பதினைந்து பாகை அளவுதான் எழுகின்றது. அதே தடியை ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நிறுத்தினால் நண்பகலில் நிழலே விழாது; சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் அதே நாட்கள் அவை என்பதைப் பிள்ளைக்கு எடுத்துக் கூறுங்கள்.

தைப்பொங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள் என்று அதனைப் போற்றுகின்றோம். வானில் அத்திருப்பம் டிசெம்பர் 21 அல்லது 22இல் நிகழ்ந்துவிடுகின்றது. பொங்கல் வருமுன்னரே சவுத்தாலில் சூரியன் மறையும் நேரம் இருபது நிமிடங்களுக்கு மேல் பிந்திவிடுவதைப் பிள்ளைகள் கண்கூடாகக் காணலாம். பூமியின் அச்சு, சாய்ந்து சுழலும் பம்பரத்தின் தலைபோல, ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெதுவாக வட்டமிடுகின்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்த இரு நாட்களும் அதனாலேயே பிரிந்தன. முன்னோர் வானைப் பார்த்தே பண்டிகையை வகுத்தனர் என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

தொலைபேசி கற்பிக்கும் பாடம்

ஊருக்குத் தொலைபேசி எடுக்குமுன் “அங்கே இப்போது எத்தனை மணி?” என்று கேட்காத வீடு எம்மிடையே இல்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கின்றது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை. 1884ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு, லண்டனின் கிறீனிச் வான்காணகத்தினூடாகச் செல்லும் கோட்டைச் சுழியக் கோடாகத் தெரிந்தது. யாழ்ப்பாணம் அதற்குக் கிழக்கே ஏறத்தாழ 80 பாகையில் உள்ளது. 80ஐ 15ஆல் வகுத்தால் ஐந்து மணி இருபது நிமிடம். கடிகாரம் காட்டுவதோ ஐந்தரை மணி வேறுபாடு. காரணம், இந்தியாவும் இலங்கையும் கைக்கொள்ளும் நேரம் 82.5 பாகைக் கோட்டுக்குரியது.

சூரியன் தருவது ஒரு நேரம். அரசுகள் வகுப்பது இன்னொரு நேரம். இதனை எம்மவரைவிட நன்கறிந்தவர் இலர். 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணி நேரம் பின்னகர்த்தியது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே பின்பற்றின. சிறிய தீவொன்றில் இரண்டு நேரங்கள் ஓடின; சூரியன் அவ்விரண்டையும் பொருட்படுத்தவில்லை.

சந்திரனும் விண்மீன்களும்

பிறை தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழல் படுவதால் என்று பிள்ளைகள் பலர் நம்புகின்றனர். பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவது கிரகணத்தின்போது மட்டுமே. மற்றை நாட்களில் சந்திரனின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் நனைந்தபடியே இருக்கின்றது. அந்த ஒளிப் பாதியில் எவ்வளவு எமது பக்கம் திரும்பியுள்ளதென்பதே பிறையின் அளவைத் தீர்மானிக்கின்றது. இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி, பிள்ளையின் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, கையை நீட்டியபடி நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றச் சொன்னால் அமாவாசை முதல் பூரணை வரை அனைத்தும் அந்தப் பந்திலேயே தோன்றும்.

ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்கள். இலங்கையில் பூரணை தினம் விடுமுறை என்பதால் பெரியவர்களுக்கு இக்கணக்கு மனப்பாடம். ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயத்துக்குச் செல்லும் குடும்பங்கள் ஆலய நாட்காட்டியையே சந்திரப் பாடப் புத்தகமாகக் கொள்ளலாம். ஊரில் மாலைப் பிறை தோணிபோல மல்லாந்து கிடக்கும். லண்டனிலோ பெரும்பாலும் ஒருக்களித்துச் சாய்ந்து நிற்கும். பிறை மாறவில்லை; உருண்டையான பூமியின்மேல் நாம் நிற்கும் சாய்வுதான் மாறிவிட்டது.

இதனை அளக்கக் கைமுஷ்டியே போதும். கையை நன்றாக நீட்டி முஷ்டியை மடக்கினால், அது வானில் ஏறத்தாழ பத்துப் பாகையை மறைக்கும். யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானுக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும்; லண்டனிலோ ஐந்து முஷ்டிக்கும் சற்று மேலே. துருவ நட்சத்திரத்தின் உயரமே ஓரிடத்தின் அகலக்கோடு. யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு ஒன்பதே முக்கால் பாகையளவு; லண்டனுடையது ஐம்பத்தொன்றரை. கடலோடிகள் வழியறிந்த இரகசியம் இதுவே.

ஊரில் மாசி மாத இரவில் தெற்கே பிரகாசித்த அகத்திய நட்சத்திரம் வானின் இரண்டாவது ஒளிமிக்க விண்மீன். லண்டனில் அது ஒருபோதும் உதிப்பதில்லை. இழந்து வந்தவற்றின் பட்டியலில் ஒரு விண்மீனும் உண்டு என்றறியும் பிள்ளை, பூமி உருண்டை என்பதை மறக்கவே மாட்டாது. ஆயினும் கார்த்திகைக் கூட்டமும், உரோகிணியும், திருவாதிரையும், சப்தரிஷிகளும் இங்கும் தெரிகின்றன. ஹீத்றோ விமான நிலையத்தின் வெளிச்சமும் தெருவிளக்குகளும் வானை மங்கச் செய்தாலும், குளிர்கால மாலைகளில் திருவாதிரையை சவுத்தாலிலிருந்தே காணலாம். கோடை மாலைகளில் அது இல்லை. பூமி சூரியனின் மறுபக்கம் சென்றுவிடுகின்றது. கார்த்திகை மாதப் பூரணைச் சந்திரன் கார்த்திகை விண்மீன்களின் அருகில் நிற்பதைக் காட்டினால், எமது மாதங்கள் எங்கிருந்து பெயர் பெற்றன என்பதும் விளங்கும்.

அளவையும் உணர்த்துங்கள். பூமி ஒரு மிளகு என்றால் சந்திரன் ஒரு கடுகு. இரண்டுக்கும் இடையே பதினைந்து சென்ரிமீற்றர். சூரியனோ அரை மீற்றர் அகலமான பெரும் பந்து. அதனை மிளகிலிருந்து ஏறத்தாழ அறுபது மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். இந்த அளவில் அடுத்த விண்மீன் லண்டனிலிருந்து அவுஸ்திரேலியாவளவு தொலைவில் இருக்கும்.

கேத்திலுக்குள் நான்கு கோளங்கள்

பூமியைக் கற்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என நான்காகப் பிரித்துக் கற்பிப்பது வழக்கம். பிரிப்பது எளிது, அவை ஒன்றையொன்று எவ்வாறு பற்றியுள்ளன என்று காட்டுவதே கடினம். அதற்குச் சமையலறைக் கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது கல்சியம் காபனேற்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியிற் படிந்து தென் இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறையாயின. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துச் சிறிது அமிலத்தன்மை பெற்று, அப்பாறையைக் கரைத்துக்கொண்டு குழாய்வழி எமது வீட்டுக்கு வருகின்றது. அப்படிவின்மேல் வினாகிரி ஊற்றினால் குமிழிகள் எழும். பாறைக்குள் சிறைப்பட்டிருந்த காபனீரொட்சைட்டு மீண்டும் காற்றிற் கலக்கின்றது. உயிர் கல்லாகி, கல் நீரிற் கரைந்து, காற்றாகத் திரும்பிய கதை முழுவதும் ஒரு கேத்திலுக்குள் முடிந்துவிடுகின்றது.

ஊர்க் கிணற்று நீரைக் காய்ச்சிய பானையிலும் இதே வெள்ளைப் படிவு இருந்ததை அம்மம்மா சொல்லுவார். யாழ்ப்பாணக் குடாநாடும் கடலுயிர்களால் உருவான சுண்ணக்கல்லின்மேல் அமைந்ததே. அங்கே நிரந்தரமான ஆறுகள் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை கொண்டுவரும் மழை, சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கிணற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு நீர் மேலேறும். தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி உரமிட்டால் நைத்திரேற்று கசிந்து குடிநீரிற் கலக்கும். ஒரு கோளத்தில் செய்த பிழைக்கு மற்றொரு கோளம் விலை கொடுக்கும் என்ற பாடத்துக்கு எமது கிணறுகளைவிடச் சிறந்த உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

தொலைவிலுள்ள தொடர்புகளையும் சவுத்தால் கண்டுள்ளது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை கக்கிய சாம்பல் காற்றில் பரவியதால் ஹீத்றோவில் ஆறு நாட்கள்வரை விமானங்கள் எழவில்லை. இப்பகுதி வானம் அதிசயமாக மௌனமாயிற்று. 2017 ஒக்ரோபர் 16ஆம் நாள் சகாராப் பாலைவனத் தூசியும், போர்த்துக்கல், ஸ்பெயின் காட்டுத்தீயின் புகையும் சூறாவளியொன்றின் எச்சத்தோடு வந்து லண்டன் சூரியனைச் செந்நிறமாக்கின. நெருப்பும், மணலும், காற்றும் எல்லைக் காவலரிடம் கடவுச்சீட்டுக் காட்டி வருவதில்லை.

ஒரு பாடம் காத்த உயிர்கள்

இவையெல்லாம் பரீட்சைக்கு மட்டுமே உதவும் என்று எண்ணுபவர்கள் 2004 டிசெம்பர் 26ஐ நினைவு கூர வேண்டும். அன்று தாய்லாந்தின் புக்கெற் தீவுக் கடற்கரையில் பெற்றோருடன் நின்ற ரில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் அவளது வகுப்பில் புவியியல் பாடத்தில் சுனாமி பற்றிக் கற்பிக்கப்பட்டிருந்தது. அவள் கூச்சலிட்டு எச்சரித்ததால் அக்கடற்கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் உயிர் தப்பினர்.

அதே அலை இலங்கைக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. முல்லைத்தீவிலும், வடமராட்சி கிழக்கிலும், மட்டக்களப்பிலும், அம்பாறையிலும் எமது மக்கள் எந்த எச்சரிக்கையுமின்றி ஞாயிறு காலைக் கடமைகளில் இருந்தனர். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலடியில் பாறை அசைந்தால் நீர் எழும், நீர் எழுந்தால் கரை அழியும் என்ற தொடர்பை இந்து சமுத்திரக் கரைகளில் பெரும்பாலானோர் அன்று அறிந்திருக்கவில்லை. எச்சரிக்கை அமைப்பும் அங்கு இருக்கவில்லை. கடலுக்கு உறவினரைக் கொடுத்த குடும்பங்கள் எம்மிடையே வாழ்கின்றன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்பாடத்தைக் கருத்தூன்றிக் கற்பது அவர்களுக்குச் செய்யும் அஞ்சலிகளில் ஒன்று.

தமிழில் சொல்லலாமா?

“தமிழில் சொன்னால் பாடசாலையில் குழம்பாதா?” என்று கேட்பவர்களுக்கு எமது வரலாறே விடை தருகின்றது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் முக்கிய பாடமாயிருந்தது. 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும், அதிபர் டானியல் பூவரின் கணிப்பும் வேறுபட்டன. வாதத்தை முடித்து வைத்தது வானமே. பலரும் கூடிப் பார்த்ததில் பூவரின் கணிப்பே பொருந்தியது. அதற்காக மரபுக் கணிதம் தூக்கியெறியப்படவில்லை. அதே செமினரியின் மற்றோர் அதிபரான ஹொய்சிங்ரன், தமிழ்ச் சோதிட கணித நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1848இல் யாழ்ப்பாணத்தில் பதிப்பித்தார். இரு மொழியும் இரு மரபும் ஒரே மேசையில் அமர்ந்த ஊர் எமது ஊர். எதையும் நேரிற் பார்த்துத் தீர்மானிப்பதே அன்று அங்கு கற்ற பாடம்.

ஆகவே பிள்ளை பாடசாலையில் ‘ஓர்பிற்’ என்று கற்று வந்தால், நாம் சுற்றுப்பாதை என்போம். அது ‘அற்மொஸ்பியர்’ என்றால், நாம் வளிமண்டலம் என்போம். ஒரு பொருளுக்கு இரண்டு சொல் தெரிந்த பிள்ளை அப்பொருளை இருமுறை சிந்திக்கின்றது. பாட்டன் பாட்டியோடு பேச அதற்கு ஒரு விடயமும் கிடைக்கின்றது.

பெற்றோர்களே, இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு கொப்பியை வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் தடியின் நிழலை அளந்து, சூரியன் மறையும் நேரத்தை எழுதி, அன்றைய பிறையை வரையச் செய்யுங்கள். அடுத்த பக்கத்தில், ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது கேட்டறிந்த ஊர்ச் சூரியனின் நேரத்தையும் மழையையும் குறிக்கச் செய்யுங்கள். ஓராண்டு முடிவில் இரு பக்கங்களையும் ஒப்பிட்டால், பூமியின் சாய்வையும் சுழற்சியையும் பிள்ளை தன் கையெழுத்திலேயே வாசிக்கும். விடுமுறை நாளொன்றில் தென் கென்சிங்ரன் விஞ்ஞான நூதனசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். பொது நுழைவுக்குக் கட்டணமில்லை. ஆசிரியரிடம் அந்தக் கொப்பியைக் கொடுத்துவிடவும் தயங்க வேண்டாம். வகுப்பில் வேறெந்தப் பிள்ளையிடமும் இல்லாத அளவைகள் அதில் இருக்கும்.